கொழுப்புச் சாப்பாட்டோடு குடிக்கும் பானம் ரத்தக் குழாயை என்ன செய்கிறது?

எண்ணெயும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த சாப்பாடு முடிந்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்து ஒருவருக்கு ரத்தம் எடுத்து, அணுக்களைப் பிரித்துவிட்டுப் பார்த்தால், தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய பிளாஸ்மா பால் கலந்ததுபோலக் கலங்கியிருக்கும். குடல் உறிஞ்சிய கொழுப்பு, கைலோமைக்ரான் என்னும் நுண்துகள்களாக அதில் மிதக்கிறது. வெந்நீர் குடித்தால் இதெல்லாம் கரைந்து போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. போகாது. எவ்வளவு சூடாகக் குடித்தாலும் தண்ணீர் சீக்கிரமே உடம்பின் சூட்டுக்கு வந்துவிடும். கொழுப்பைச் செரிக்க வைப்பது பித்தநீரும் கணையத்தின் நொதியும்தான். கூடக் குடிக்கும் பானத்தின் விளைவைத் தேட வேண்டிய இடம் ரத்தக் குழாயின் உள்சுவர்.

எண்டோதீலியம் என்று பெயர் கொண்ட இந்தச் சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். வெகுகாலம் இதை ஒரு மேலுறை என்றே நினைத்திருந்தார்கள். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இந்தச் சுவரைச் சுரண்டி எடுத்துவிட்டால், விரிய வைக்கும் மருந்தைக் கொடுத்தும் தமனி விரிய மறுக்கிறது என்று காட்டினார். அப்படியானால் சுவர் எதையோ சுரக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெரிந்தது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சில நொடிகளே தாங்கும் இந்த வாயு பக்கத்துத் தசைக்குள் ஊடுருவி அதைத் தளர்த்தும். தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும்.

இதைக் கையிலேயே அளந்துவிடலாம். முழங்கைக்கு மேலே ஓடும் தமனியின் விட்டத்தை அல்ட்ராசவுண்டில் குறித்துக்கொள்வார்கள். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை முன்கையில் கட்டி, ஓட்டம் நிற்கும்வரை இறுக்கி, 5 நிமிடம் அப்படியே விடுவார்கள். கை மரத்துப்போகும். பட்டையைத் தளர்த்தியதும் பாய்ந்து வரும் ரத்தம் சுவரை உரச, அந்த உரசலுக்குப் பதிலாக நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். ஆரோக்கியமானவருக்கு 4 மி.மீ. தமனி 4.3 மி.மீ. வரை விரியலாம். இத்தனூண்டு வித்தியாசம்தான், ஆனால் இதயநோய் வாய்ப்பைப் பற்றி அது சொல்வது ஏராளம்.

1997-இல் ராபர்ட் வோகலின் குழு 10 பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள, 900 கலோரி உணவைக் கொடுத்து இப்படி அளந்தது. நான்கு மணி நேரம் வரை தமனி சரியாக விரியவில்லை. அதே கலோரியில் கொழுப்பில்லாத உணவு கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. காரணம் இதுதான்: கொழுப்புத் துகள்கள் பெருகும்போது சுவர் செல்களில் சூப்பர்ஆக்சைடு என்ற துடுக்கான மூலக்கூறு உண்டாகி, நைட்ரிக் ஆக்சைடைப் பிறந்த இடத்திலேயே பிடித்து அழித்துவிடுகிறது.

பானம் நுழைவது இங்கேதான். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு 56 கிராமுக்கும் மேல் கொழுப்புள்ள காலை உணவோடு கோகோ கொடுத்து, மன அழுத்தம் உண்டாகக் கடினமான மனக்கணக்கும் போட வைத்தார்கள். ஃபிளவனால் என்ற தாவரச் சத்து அதிகமுள்ள கோகோ குடித்தவர்களுக்குத் தமனி நன்றாகவே விரிந்தது. ஃபிளவனால் குறைந்ததைக் குடித்தபோது, மன அழுத்தம் தீர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியும் குறை தெரிந்தது. மூளைக்குப் போகும் ஆக்சிஜனில் மட்டும் கோகோவால் மாற்றமில்லை.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. அந்தக் கோகோவைக் கலந்தது கொழுப்பு நீக்காத பாலில். ஆனால் 2007-இல் பெர்லினில் 16 பெண்களிடம் நடந்த ஆய்வில், தேநீர் தமனியை நன்றாக விரிய வைத்தது. அதில் கொஞ்சம் பால் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. பாலிலுள்ள கேசீன் புரதம் தேயிலைச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பால் எல்லாவற்றையும் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. எந்தச் சத்து, எவ்வளவு என்பதைப் பொறுத்தது என்றே நினைக்கிறேன்.

கோகோ என்றால் எல்லாக் கோகோவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கசப்பைக் குறைக்கவும் நிறத்தைக் கூட்டவும் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய தூளில் ஃபிளவனாலில் பெரும்பகுதி போய்விடும். இனிப்பான சாக்லேட் பானத்தூளில் பெரும்பாலும் சர்க்கரைதான்.

சர்க்கரைக்கு வேறு வேலை. கொழுப்புச் சாப்பாட்டோடு இனிப்புக் குளிர்பானம் சேர்ந்தால், அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் கூடுதலாக உருவாக வைக்கும். மதுவும் அதே பக்கம்தான். ரத்தம் கலங்கியிருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும்.

சரி, சில மணி நேரத்துக்குத் தமனி விரிவதால் மாரடைப்பு குறையுமா? கோகோ சாற்றை மாத்திரையாக 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. இதய, ரத்தக் குழாய் நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் புள்ளியியல்படி குறையவில்லை. அந்நோய்களால் நேர்ந்த மரணங்கள் மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தன.