ஒரு இருமலுக்கு மூச்சு நிற்பது ஏன்?

லிஃப்டில் நாங்கள் மூன்று பேர். நான்காவது மாடியைத் தாண்டும்போது பின்னால் நின்றவர் இருமினார். ஒரே ஒரு இருமல், தொண்டையைச் செருமுவது போல. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தரைத்தளம் வந்து கதவு திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன் என்பது வெளியே வந்து பெருமூச்சு விட்டபோதுதான் தெரிந்தது. கை தானாகச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது. அதில் முகக்கவசம் வைப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

கோவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அந்தச் செய்தியை நானும் படித்தேன். கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக அதே நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அது நோய் என்று சொல்லும் அளவுக்குப் போனவர்களின் கணக்கு. லிஃப்டில் மூச்சைப் பிடிப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனால் இரு தரப்புக்கும் உள்ளே ஓடுகிற இயந்திரம் ஒன்றுதான்.

மூளையின் ஆழத்தில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, பாதாம்பருப்பு அளவில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பெயர் அமிக்டலா. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கே பாதாம் என்றுதான் பொருள். கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தியில் ஆபத்தின் சாயல் தெரிந்தால், அது என்ன ஏது என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அமிக்டலா, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியை உசுப்பிவிடுகிறது. அங்கிருந்து இரண்டு பாதைகள். ஒன்று நரம்பு வழி. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சில நொடிகளில் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படும். பயத்தில் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்கிறோமே, அது வெறும் பேச்சுவழக்கு இல்லை.

இன்னொரு பாதை தபால் மாதிரி மெதுவானது. ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து அட்ரீனலுக்கும் ஹார்மோன்கள் வழியே செய்தி கைமாறி, கடைசியில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அது இரத்தத்தில் உச்சம் தொட 20, 30 நிமிடங்கள் ஆகலாம். பயந்த விஷயம் முடிந்துபோன பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அளவு கூடியதும் கார்ட்டிசாலே மூளைக்குப் போய் ‘போதும்’ என்று சுரப்பை நிறுத்திவிடும்.

நாய் துரத்தினால் இது அருமையான ஏற்பாடு. ஓடுகிறோம், நாய் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்குகிறது. பெருந்தொற்றில் வந்த நாய் கண்ணுக்கே தெரியவில்லை. வருகிறதா, பின்னால் நிற்கிறதா, போய்விட்டதா என்பதும் தெரியவில்லை. இந்தத் ‘தெரியவில்லை’தான் மற்ற எல்லாவற்றையும்விட மோசம் என்பது என் கட்சி. அதற்கு ஒரு சோதனையைச் சாட்சியாக அழைக்கிறேன்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 தன்னார்வலர்களைக் கணினி விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். திரையில் ஒரு கல். அதன் அடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்த நேரத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் அவர்கள் அதிகம் பதறியிருந்தார்கள். 2016-இல், அதாவது கோவிட்டுக்கு முன்பே, வெளிவந்த ஆய்வு இது. வந்தே தீரும் அடியை உடம்பு ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. வருமோ வராதோ என்றால் அதற்குத் தாங்குவதில்லை. மாதக்கணக்கில் கதவுக் கைப்பிடி, காய்கறிப் பை, பக்கத்தில் நிற்பவர் என்று ஒவ்வொன்றும் நமக்கு அந்தக் கல்லாகத்தான் இருந்தது.

சரி, அந்தக் காலம் போய்விட்டது. பயம் ஏன் கூடவே போகவில்லை?

இதற்குப் பதில் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வகத்தில் இருக்கிறது. சோறு வரும் முன் ஒரு ஒலி, பிறகு சோறு என்று பழக்கினால், ஒலி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும். இந்தப் பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும். மறுபாதிதான் நமக்கு வேண்டியது. சோறு போடாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் எச்சில் நின்றுவிடும். பழையது அழிந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஒலியை எழுப்பினால் எச்சில் திரும்ப ஊறுகிறது. அதாவது ‘ஒலி வந்தால் சோறு வரும்’ என்ற பழைய பாடம் அழியவில்லை. அதன் மேல் ‘வராது’ என்ற புதிய பாடம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பயமும் அப்படித்தான். இருமல் என்றால் ஆபத்து என்று அமிக்டலா எழுதிவைத்ததை அழிக்க ரப்பர் கிடையாது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி, ‘இங்கே ஒன்றும் இல்லை, பேசாமல் இரு’ என்று அதை அடக்கக் கற்றுக்கொள்கிறது.

இந்தப் புதிய பாடத்தை ஏற விடாமல் தடுப்பது தவிர்ப்பு. கூட்டம் இருக்கும் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘போகவில்லை’ என்று முடிவுசெய்த நொடியில் மனசு லேசாகிறது. அந்த நிம்மதியே ஒரு பரிசு. அடுத்த முறையும் போகாதே என்று அது பழக்கிவிடுகிறது. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை மூளை தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அவன் விளக்கைப் போட்டுப் பார்க்காதவரை பேய் அங்கேயேதான் குடியிருக்கும்.

அதனால்தான் சிகிச்சையாளர்கள் சிறிது சிறிதாக நெருங்கச் சொல்கிறார்கள். முதலில் காலியான கடை, அப்புறம் கொஞ்சம் ஆட்கள், அப்புறம் மாலை நேரக் கூட்டம். போவதற்கு முன் ‘என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவைத்து, திரும்பி வந்ததும் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. கடையில் பழகிய தைரியம் பஸ்ஸில் கைகொடுக்காமல் போகலாம். புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது, எனவே பல இடங்களில் கற்க வேண்டியிருக்கிறது. பழைய பயம் திடீரென்று ஒருநாள் எட்டிப் பார்த்தால் பாடுபட்டதெல்லாம் வீண் என்று சோர்ந்துபோக வேண்டாம். பாவ்லோவின் நாய்க்கு நடந்ததுதான் அது.

உடனடியாகப் படபடப்பை இறக்க ஒரு வழி நம் கையிலேயே, சரியாகச் சொன்னால் மூக்கிலேயே, இருக்கிறது. 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பை, அதாவது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் நரம்பை, தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருள் வழியாகத்தான் பேசுகிறது என்பதற்கு அது ஆதாரம். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெரிந்தது, 1936-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தச் சோதனை கனவில் வந்ததாம். முதல் நாள் இரவு அரைத்தூக்கத்தில் கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியாமல், மறுநாள் இரவு அதே கனவு வந்ததும் எழுந்து ஆய்வகத்துக்கே போய்விட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நம் நெஞ்சிலும் வேகஸ்தான் பிரேக். மூச்சை உள்ளே இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, வெளியே விடும்போது பிடிக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், துடிப்புகளுக்கு இடையே தூரம் கூடுவது பலருக்கு விரலிலேயே தெரியும். 4 நொடி இழுத்து 6 நொடி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம் போதும். ‘நன்றாக மூச்சை இழு’ என்று பதறுபவரிடம் சொல்வது வழக்கம். அவர் ஏற்கெனவே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். விடச் சொல்லுங்கள்.

இரவில் வரும் கவலைக்கு இன்னொரு உத்தி. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. 1983-இலேயே சோதித்துப் பார்த்த முறை இது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘சாயங்காலம் வா’ என்று குறித்துவைத்துவிட வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும், எனக்கும் இருந்தது. சாயங்காலம் குறிப்பை எடுத்துப் பார்த்தால் பாதி விஷயங்கள் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும்.

தூக்கம் குறைந்தால் அமிக்டலா முரட்டுத்தனமாகிவிடும், மாலைக்கு மேல் காபி அந்தத் தூக்கத்தைக் கெடுக்கும். இவை தெரிந்த கதை. தெரியாத இன்னொன்று உண்டு. எல்லாப் படபடப்பும் பதற்றம் இல்லை. கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு மூச்சு வாங்குவதும் இதயம் வேகமெடுப்பதும் உடல் காரணத்தாலேயே நீடிக்கின்றன. மாடி ஏறினாலோ எழுந்து நின்றாலோ அப்படி ஆகிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கவலை தூக்கத்தையும் வேலையையும் வாரக்கணக்கில் தின்றுகொண்டிருந்தாலும் அதே யோசனைதான்.

போன வாரம் மறுபடி அதே லிஃப்ட். இந்த முறை தும்மியது நான், தூசி ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவரின் தோள்கள் மெல்ல மேலே ஏறின. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த தரைத்தளப் பொத்தானை அவர் இன்னும் இரண்டு முறை அழுத்தினார்.