சிகரெட் பிடிப்பவர்களே, பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். பல வருடமாகப் புகைப்பவர். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, "நுரையீரலுக்குப் பாதுகாப்பா போடுறேன் மேடம், கேரட்ல இருக்கிற சத்துதானே" என்றார். லேபிளைத் திருப்பினால் பீட்டா கரோட்டின், கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் நிறமி. உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கேரட், பரங்கிக்காய், கீரை, தக்காளி, நாவல்பழம் இவற்றின் நிறமிகள் ஆன்டிஆக்ஸிடன்ட்கள், அதாவது ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுப்பவை. அதில் சந்தேகமே இல்லை. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதைக் கவனித்துத்தான் பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 28 சதவீதம் கூடியது. 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அதே சத்துதானே, மாத்திரையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என்ன?" கொஞ்சம் இல்லை. பச்சைக் கேரட்டில் இருப்பதில் ஒரு சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சும், அதுவும் மெதுவாக. பின்லாந்தில் மாத்திரை போட்டவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு சுமார் 17 மடங்கு ஏறியது. வழக்கமான சாப்பாட்டில் கேரட் தின்று அங்கே போய்ச் சேர்வது கடினம். புகை நிறைந்த நுரையீரலில் அவ்வளவு பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றமடைந்து சிதைகிறது. அந்தச் சிதைவுப் பொருட்கள் திசுவுக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. இன்னொன்று, காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் பொதுவாகப் புகைப்பதும் குறைவு, உடம்பைக் கவனிப்பதும் அதிகம். அந்த நன்மை முழுவதையும் ஒரே நிறமியின் கணக்கில் எழுதிவிட்டோம்.

புகையை விட்டவர்களும் ஜாக்கிரதையாக இருங்கள். விழித்திரைக்கான மாத்திரை எழுதும்போது கண் மருத்துவரிடம் பழைய பழக்கத்தை மறைக்காதீர்கள். பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டின் என்ற வேறொரு நிறமி உள்ளதைத் தருவார்.

சாப்பாட்டில் பயமே வேண்டாம். கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள், இல்லாவிட்டால் கரோட்டின் சரியாகச் சேராது. தக்காளியை வதக்குங்கள். கருப்பு கவுனி அரிசியை நன்றாகக் கழுவிவிட்டு ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள், நிறம் அதில்தான் இறங்கியிருக்கும். கேரட் மசியல் கொடுத்த குழந்தையின் உள்ளங்கை மஞ்சளானால் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அங்கே மஞ்சள் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், இல்லையென்றால் பெரும்பாலும் கேரட்தான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் கீரை அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வீட்டில் மல்டிவிட்டமின் டப்பா இருந்தால் அதில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று இன்றைக்கே லேபிளைப் படியுங்கள். புரியவில்லையா, டாக்டரிடம் போகும்போது டப்பாவையே கையோடு எடுத்துப் போங்கள்.