டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கேட்டு வாங்க வேண்டியது

மனநல வார்டிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது குடும்பத்தார் கையில் இருப்பது பெரும்பாலும் மாத்திரைச் சீட்டும் அடுத்து வர வேண்டிய தேதியும்தான். அதற்கு மேலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 98-ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: டிஸ்சார்ஜ் செய்யும்போது பொறுப்பு மருத்துவர் நோயாளியோடும், அவர் யார் வீட்டில் தங்கப் போகிறாரோ அவர்களோடும் கலந்து பேசி, இனி சிகிச்சை எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் வகுக்க வேண்டும்.

எங்கள் சித்தப்பா வீடு திரும்பிய நாளில் யாரும் எங்களிடம் அப்படிப் பேசவில்லை. "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்கள், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து அவர் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார ஆரம்பித்தார். புழுக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று சித்தி விசிறி எடுத்துக் கொடுத்தார். தலையணை உறையைத் துவைக்கப் பிரித்தபோதுதான் உள்ளே பதினேழு மாத்திரைகள் கிடந்தன. தூக்கம் கெடுவது நோய் திரும்புவதற்கான முதல் அடையாளமாக இருக்கலாம் என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் சித்திக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே வார்டை விட்டுக் கிளம்பும் முன் உட்கார்ந்து கேளுங்கள். என்ன நோய், மாத்திரையால் என்னென்ன தொந்தரவு வரும், எந்த மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? வீட்டில் எப்படிப் பேசுவது என்பதையும் கேளுங்கள். ஓயாமல் குறை சொல்வதும், எதையும் செய்ய விடாமல் பொத்திப் பொத்தி வைப்பதும் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். இது பாசத்தால் வரும் தவறு. எடுத்துச் சொன்னால் எந்தக் குடும்பமும் திருத்திக்கொள்ளும்.

சில இடங்களில் "நோயாளி பற்றிய தகவல் ரகசியம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்கு வழி, நியமனப் பிரதிநிதி. தெளிவாக இருக்கும்போதே நோயாளி, தான் நம்பும் ஒருவர் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். அந்த நபர் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். நோய் பற்றியும் சிகிச்சை பற்றியும் கேட்டறிய, டிஸ்சார்ஜ் திட்டத்தில் பங்கெடுக்க அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. யாரை நியமிப்பது என்பது நோயாளியின் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் மூத்தவர் என்பதற்காக யாரும் அவருக்காகக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

குடும்பத்துக்கான ஆதரவும் வீட்டிலிருந்தபடியே கிடைக்கும் மறுவாழ்வு உதவியும் அரசு தர வேண்டிய சேவைகள் என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு மனநல மையங்களில் சிகிச்சை இலவசம். மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் வழி செய்திருக்க வேண்டும்.

சங்கிலி கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டம் 95-ஆவது பிரிவில் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸை அழையுங்கள், எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நோயாளி பேச மறுத்தாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்ளும் நீங்களே அழைக்கலாம்.