மீட்புப் படகுக்கு வேகம் பிறகு, காற்று முதலில்

ஏற்காடு ஏரியில் பெடல் படகு மிதித்தவர்களுக்குத் தெரியும், மிதிப்பதை நிறுத்தினால் படகு நின்ற இடத்தில் நிற்காது, காற்று தள்ளுகிற பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். பாய்மரப் படகுகள் ஓடும் இடத்தில் காவலுக்குச் சுற்றும் பாதுகாப்புப் படகுக்கு ஆள் பழக்கும்போது பாதி நேரம் இதற்குத்தான் போகும். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் இதற்கென்றே 2 நாள் பயிற்சி வைத்திருக்கிறது, அதுவும் விசைப்படகு ஓட்ட ஏற்கெனவே கற்றவர்களுக்கு.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில், ஆடிக் காற்றில், ஒரு பாய்மரப் படகு கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் கிடப்பவருக்குத் தலை மட்டும்தான் வெளியே, காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. உங்கள் படகுக்கோ பக்கவாட்டு முழுக்கக் காற்று படும், அதனால் அவரைவிட வேகமாக நகரும். காற்று வரும் பக்கத்தில் நிறுத்தினால் படகு அவர் மேலேயே போய் ஏறும், எதிர்ப்பக்கம் நிறுத்தினால் கைக்கு எட்டாமல் விலகிப் போகும். ஆகவே காற்றை எதிர்த்து, மெதுவாக, அவர் ஓட்டுபவரின் கண்ணில் படும் பக்கமாக வரும்படி நெருங்க வேண்டும். எதிர்க்காற்றே பிரேக் பிடித்துக் கொடுக்கும். கை தொடுவதற்கு முன்பே இன்ஜினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாதா என்றால், போதாது. அவசரத்தில் யாராவது முழங்கை கியரில் பட்டால் ப்ரொப்பல்லர் சுழலும், பக்கத்தில் இருப்பது மனிதனின் கால்.

ஓட்டுபவர் காலில் மாட்டும் சுருள் கயிறும் இதற்காகத்தான், அவர் தவறி விழுந்தால் அது இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். மாட்டவில்லை என்றால் ஆளில்லாத படகு ஒரு பக்கம் திரும்பி வட்டமடித்து விழுந்தவரை நோக்கியே வரக்கூடும். சோம்பலில் இதை மாட்டாதவரை நான் படகில் ஏற்றவே மாட்டேன்.

கவிழ்ந்த படகை நிமிர்த்துவது அப்புறம். முதலில் தலைகளை எண்ண வேண்டும், ஒருவர் பாய்க்கு அடியில் மாட்டியிருக்கலாம். எல்லோரும் சரி என்றால், மீட்புப் படகில் இருப்பவர் கவிழ்ந்த படகின் முன்பக்கத்தைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்ள, கவிழ்ந்தவர் படகின் அடியிலிருந்து துடுப்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பலகையில் ஏறி நின்று எடையைக் கொடுப்பார். அந்தப் பலகைதான் நெம்புகோல். முனை காற்றை நோக்கி இருந்தால் எழுந்த பாய் சும்மா படபடக்கும். குறுக்கே இருந்தால் பாயில் காற்று நிறைந்து மறுபடி கவிழ்த்துவிடும். அணையில் நீர் இறங்கிய மாதங்களில் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்வதும் உண்டு, அப்போது முரட்டுத்தனமாக இழுத்தால் மரம் ஒடியும்.

தூக்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும், கூடவே கால்களை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டும் இருக்கும். நெடுநேரம் கிடந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் அந்த அழுத்தம் சட்டென்று போய், ரத்தம் கால்களில் தேங்கி, மயங்கி விழலாம். முடிந்தவரை படுத்தவாக்கில் ஏற்றுங்கள்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைவு. மேட்டூரில் துள்ளி ஓடும் அதே பெட்ரோல் இன்ஜினை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் திறனும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்து சோர்ந்து ஓடும். பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பல்லர் மாற்றுங்கள், இரண்டு பேர் மட்டும் ஏறுங்கள். மீட்கப்பட்டவர்களை உட்காரவைக்கவும் இடம் வேண்டுமே.