கையால் செய்த லூர் கடலுக்குப் போகும் முன்

போன மாதம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்து மேசைமேல் ஒரு சின்னத் திருகு வளையத்தை வைத்தார். "அண்ணே, மீனும் போயிட்டு, லூரும் போயிட்டு. தங்கூசி நுனியில இது மட்டுந்தான் மிச்சம்." லூர் என்றால் மீனை ஏமாற்றும் செயற்கை இரை; தங்கூசி என்றால் தூண்டில் நரம்பு. போனது, கல்யாண முருங்கைக் கட்டையில் அவரே செதுக்கிய பாப்பர், அதாவது நீர்மட்டத்தில் தெறித்தபடி வரும் லூர். பெரிய பாறை மீன் ஒன்று அடித்திருக்கிறது. இரண்டாவது ஓட்டத்தில், கட்டையின் மூக்கில் திருகியிருந்த வளையம் மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இதைவிட நீளமான திருகு எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

மீன் போனது அவருடைய கவலை. எனக்கு அந்தப் பாறை மீனின் நினைப்பாகவே இருந்தது. ஒரு சாண் கட்டையும் இரண்டு மும்முனைத் தூண்டில் முட்களும் வாயைத் தைத்திருக்க, அது எப்படி இரை பிடிக்கும்? மிதக்கிற மரம் வேறு. கீழே போகப் போக மேலே இழுக்கும்.

நான் மரக்கடைசல் தொழில்காரன். கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைந்த அதே எந்திரத்தில்தான் இப்போது தூத்துக்குடியில் லூர் கடைகிறேன். வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள் இப்போது நிறைய. அதில் எனக்குச் சந்தோஷம்தான். பின்லாந்தின் லௌரி ரபலா 1936-இல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் உறையின் மினுக்குத் தாளைச் சுற்றி, பழைய புகைப்பட நெகடிவை உருக்கிப் பூசித்தான் தன் முதல் லூரைச் செய்தார். ஆனால் அவர் செய்தது ஏரி மீனுக்கு. இங்கே பாறையும் சூரையும் நெய்மீனும் இழுக்கிற இழுப்பு வேறு. உப்பு செய்கிற வேலையும் வேறு. என்னிடம் காட்டக் கொண்டுவரும் லூர்கள் பலவற்றில் உழைப்பெல்லாம் வண்ணத்தில் போயிருக்கிறது. செதிள், கண், பக்கவாட்டில் மினுக்குக் கோடு எல்லாம் அழகாக இருக்கும். கடித்த பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

தம்பிக்கு நான் சொன்னது: நீளத் திருகு தேடாதீர்கள், திருகையே விட்டுவிடுங்கள். மென்மரம் ஈரம் குடித்தால் திருகின் மரை பிடித்திருக்கும் இடம் அவல் மாதிரி ஆகிவிடும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி ஓட வேண்டும். கட்டையின் அடிவயிற்றில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்து, 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை மூக்கில் வளையமாக முறுக்கிக் காடியில் இறக்கி, வாலில் மறுபடி வளையமாக முறுக்க வேண்டும். வயிற்று முள்ளுக்கு ஒரு ஸ்விவலை (சுழலும் இணைப்பு வளையத்தை) அந்தக் கம்பியிலேயே கோத்துத் தொங்கவிட்டு, எப்பாக்சியில் மரத்தூள் குழைத்துக் காடியை அடைத்துவிடலாம். அதற்குப் பிறகு கட்டை இரண்டாகப் பிளந்தாலும் முள்ளும் தங்கூசியும் ஒரே கம்பியில் இருக்கும்.

கம்பி வாங்கும்போது காந்தத்தை நம்பாதீர்கள். ஸ்டெயின்லெஸில் 304 ரகத்தை இழுத்து மெலிதாக்கும்போதே அதற்குக் கொஞ்சம் காந்தப் பிடிப்பு வந்துவிடும். அதனால் நல்ல கம்பியும் ஒட்டும். ஒட்டாததெல்லாம் கடல்நீரைத் தாங்கும் என்றும் இல்லை. 316 என்று கேட்டு வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பின் அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

அடுத்தது உப்பு மூட்டைச் சோதனை. பெயர் நான் வைத்தது. உத்தரத்துக் கொக்கியில் லூரின் மூக்கை மாட்டி, முள் மாட்டும் வளையத்தில் 25 கிலோ உப்பு மூட்டையைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் விடுவேன். வயிற்றுக்கு ஒருமுறை, வாலுக்கு ஒருமுறை. ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் தங்கூசியை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) 10 கிலோவுக்கு வைத்து மீன் பிடிப்பவருக்கு லூர் அதைப்போல் இரண்டரை மடங்காவது தாங்க வேண்டும் என்பது என் கணக்கு. மூட்டைக்குக் கீழே காலை வைக்காதீர்கள், நான் வைத்திருக்கிறேன். இத்தனையையும் மீறி இழுவை வந்தால் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் தூண்டில்காரர்களுக்குள் சண்டையே உண்டு. முள் நிமிர வேண்டும் என்பது என் கட்சி. முள் நிமிர்ந்தால் மீன் வெறும் வாயோடு போகும்.

மிதப்புச் சோதனையில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் கடலுக்குப் போக நேரமில்லாமல், வழியில் இருந்த உப்பளப் பாத்தியில் ஒரு பாப்பரை விட்டுப் பார்த்தேன். தக்கை போல ஜம்மென்று நின்றது. அதை நம்பி அடியில் இன்னும் கனம் ஏற்றினேன். மறுநாள் கடலில் போட்டால் மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. பாத்தியில் உப்பு படியத் தொடங்கும் கட்டத்தில் நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.21. கடல்நீருக்கோ 1.025தான். உப்பளத்தைச் சுற்றியே வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை.

இதே தவறைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்: வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சோதிப்பது. 100 மி.லி. இடம் அடைக்கும் கட்டையை நன்னீர் 100 கிராம் தாங்கும், கடல்நீர் 102.5 கிராம் தாங்கும். அந்த இரண்டரை கிராமில், மெதுவாக அமிழ வேண்டிய ஸ்டிக்பெயிட் (குச்சி வடிவ லூர்) கடலில் மிதந்துகொண்டு நிற்கும். வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்துக்கொண்டால் போதும். முள்ளும் வளையமும் மாட்டிய நிலையிலேயே பாருங்கள். அவற்றின் கனமும் கணக்கில் சேர்த்தி. ஈயத் தகட்டை முதலில் வெளியே ரப்பர் பேண்டால் கட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி, லூர் சரியாக நிற்கும் இடத்தைக் குறித்த பிறகே துளை போடுங்கள். பூச்சுக்கும் கனம் உண்டு என்பதால் கொஞ்சம் குறைவாகவே வைத்து நிறுத்துவது நல்லது.

கட்டை நீர் குடிக்கிறதா என்பதை அடுப்படித் தராசு சொல்லிவிடும். பூச்சு காய்ந்த லூரை நிறுத்து எழுதிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அமிழ்த்தி வைத்து, துடைத்து மறுபடி நிறுங்கள். கூடியிருந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. பெரும்பாலும் கம்பி வெளியே வரும் வாயில்தான். வண்ணத்துக்கு முன்பே மரத்துக்கு சீலர் (ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு) குடிக்கக் கொடுக்காவிட்டால் மேலே எத்தனை பூச்சு போட்டும் பயனில்லை.

இனி ஈயம். விசைப்படகுகளின் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளில்தான் என் பட்டறையில் கூட்டம். படகு வேலை இல்லாத பையன்கள் லூர் செய்யப் பழக வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டு அடுப்பில், பழைய பால் சட்டியில் ஈயம் உருக்குவதாகச் சொன்னார். பக்கத்தில் தவழும் வயதில் குழந்தை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் புகையும் மேலே மிதக்கும் சாம்பல் தூளும் அடுப்படி முழுக்கப் படியும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். உருக்கியே ஆக வேண்டுமென்றால் வெட்டவெளியில், தனிப் பாத்திரத்தில், முழுக்கை சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அச்சு காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு வியர்வை உள்ளே விழுந்திருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்துக்கு நேரே தெறிக்கவிடும். அந்தச் சட்டையைக் குழந்தையின் துணியோடு போட்டுத் துவைக்கக் கூடாது.

தூண்டில்காரர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. என் அப்பாவிடமும் இருந்தது: ஈயக்குண்டைப் பல்லால் கடித்துத் தங்கூசியில் இறுக்குவது. தயவுசெய்து ஒரு குறடு வாங்கிக்கொள்ளுங்கள். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்துப்போகின்றன என்பதற்காகவே பிரிட்டனில் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையை 1987-இல் தடை செய்தார்கள். நான் இப்போது பெரும்பாலும் பழைய பேரிங் குண்டுகளைத்தான் வயிற்றில் அடைக்கிறேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8, அதனால் துளை பெரிதாகும், கட்டையும் சற்றுத் தடிமனாகும். மீன் இதுவரை குறை சொன்னதில்லை.

முள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். நீச்சல் பார்க்கும்போது கூர்முனை தேவையே இல்லை. பழைய முட்களின் முனையை நறுக்கி, குறைந்த கனத்துக்குக் கொஞ்சம் கம்பி சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள். லூர் இடப்பக்கம் இழுத்தால் மூக்கு வளையத்தை மயிரிழை வலப்பக்கம் வளைத்து, மறுபடி வீசிப் பாருங்கள். பாறையில் சிக்கிய லூரை வெடுக்கென்று இழுத்தால் அது முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி இல்லாமல் வீசாதீர்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனிடமிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் சுலபமாகக் கழலும். கண்ணிலோ கண்ணருகிலோ தைத்தால் பிடுங்க முயலவே கூடாது. தங்கூசியை வெட்டிவிட்டு, முள் அசையாமல் ஒரு கோப்பையால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் தைத்தது என்றாலும் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசியுங்கள்.

அந்தத் தம்பி போன ஞாயிறு புதுப் பாப்பரோடு வந்தார். நடுவில் கம்பி ஓட்டியிருந்தார், காடி அடைப்பும் சுத்தமாக இருந்தது. வண்ணம் இன்னும் பூசவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மூட்டையை மாட்டினோம். டீ வாங்கி வந்து பாதி குடிப்பதற்குள் பொத்தென்று சத்தம். வால் வளையத்தில் முறுக்கு இரண்டே சுற்றுதான் போட்டிருந்தார். கம்பி அவிழ்ந்து நேராக நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை சுத்து போடணும்ணே?" என்றார். ஐந்து என்றேன். டீயை வைத்துவிட்டு, காடியைப் பிரிக்க உளி கேட்டார்.