ஃபசாட்: முகப்பா, பதிலியா?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் லாராவெல் (பிஎச்பி நிரல்மொழியில் இணையச் செயலிகள் கட்ட உதவும் சட்டகம்) பழகுகிற பிள்ளைகளிடம் ஃபசாட் என்ற இந்தச் சொல் 'ஃபகேட்', 'ஃபேஸேட்' என்று பல மாதிரி வரும். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. பிரெஞ்சில் 'சி' எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வால் இருக்கிறது. அதுதான் 'ச' ஒலிக்கு அடையாளம். ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் வாலை விட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பு, ஃபசாட்.

இலத்தீனில் முகத்தைக் குறித்த சொல் இத்தாலியனில் 'ஃபாச்சா' ஆகி, அதிலிருந்து கட்டடத்தின் முன்புறத்துக்கு 'ஃபச்சாத்தா' பிறந்தது. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழும் அதே தடத்தில்தான் போயிருக்கிறது: முகம், முகப்பு. கோயில் முகப்பு என்று நாளாந்தம் சொல்கிறோமே, அதேதான். ஆங்கிலச் சொல்லில் வெளிவேஷம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகப்பில் அது இல்லை, நல்லதாய்ப் போயிற்று. இணையத்தளத்தின் முதற்பக்கத்தையும் முகப்பு என்பதுதான் ஒரேயொரு இடைஞ்சல். 'முகப்புக் கோலம்' என்று எழுதினால் அதுவும் தீரும். பேட்டர்னுக்கு, அதாவது மென்பொருளில் அடிக்கடி வரும் சிக்கலுக்கான தீர்வு மாதிரிக்கு, கோலம் என்பது எங்கள் கணிதப் பாடநூலின் 'எண் கோலங்கள்' வழியே பழகிய சொல்தான்.

எரிக் காமாவும் இன்னும் மூவரும் 1994இல் வெளியிட்ட நூலில் உள்ள 23 வடிவமைப்புக் கோலங்களில் இதுவும் ஒன்று. நிரலில் உள்ள சிக்கலான பல வகுப்புகளுக்கு (கிளாஸ்) முன்னால் எளிய ஒற்றை வாசல் வைப்பதே அதன் வேலை. சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் வேண்டுமென்றால் கமக்காரர் தங்கள் கமக்கார அமைப்போடு பேசுகிறார். துருசு, வாய்க்கால், முறை எல்லாம் அதற்குப் பின்னால் நடக்கின்றன. அப்படித்தான் இதுவும்.

சரி, லாராவெலில்? அங்கேதான் பெயர் கொஞ்சம் வழுக்குகிறது. தற்காலிகச் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுக்க 'கேஷ்' என்று எழுதி, இரண்டு முக்காற்புள்ளி போட்டு, 'கெட்' என்று அழைக்கிறோம். பார்வைக்கு அது ஸ்டாட்டிக் மெதட், அதாவது பொருள் (ஆப்ஜெக்ட்) ஒன்றை உருவாக்காமல் வகுப்பின் பெயராலேயே அழைக்கும் செயல். ஆனால் கேஷ் ஃபசாட் வகுப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே 'கெட்' எழுதப்பட்டே இருக்காது. இல்லாத ஸ்டாட்டிக் மெதட்டை அழைத்தால் பிஎச்பி 'கால்ஸ்டாட்டிக்' என்ற மாய மெதட்டிடம் வேலையைக் கொடுக்கும். அது ஃபசாட்டிடம் ஒரு பெயரைக் கேட்டு வாங்கி, சர்வீஸ் கொண்டெய்னரிலிருந்து (லாராவெல் பொருள்களை உருவாக்கித் தரும் களஞ்சியம்) அந்தப் பெயருக்குரிய பொருளை எடுத்து, அதன்மேல் 'கெட்'டை ஓட்டுகிறது.

இங்கே பலவற்றைச் சுருக்கும் வேலை நடக்கவில்லை. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று நிற்கிறது. லாராவெலின் ஆவணமே இதை 'ஸ்டாட்டிக் ப்ராக்ஸி' என்றுதான் விவரிக்கிறது. ப்ராக்ஸிக்குத் தமிழில் பதிலி இருக்கிறது. ஆகவே பாடநூல் கோலத்துக்கு முகப்பு, லாராவெலின் ஃபசாட்டுக்குப் பதிலி என்று பிரித்து வைப்பேன். 'பெயரையே மாற்றிவிட்டீர்களே' என்று யாராவது சண்டைக்கு வந்தால், தமிழில் விளக்கும்போது மட்டும் என்று சொல்லித் தப்பலாம்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான முகப்பு அந்தப் பதிலிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கோப்பு, தரவுத்தளம், மெம்கேஷ்டு, ரெடிஸ் எதில் சேமித்தாலும் ஒரே 'கெட்'டில் எடுத்துத் தருவது கேஷ் மேனேஜர். கன்ஸ்ட்ரக்டரில் (பொருள் உருவாகும்போது ஓடும் மெதட்) அந்த மேனேஜரை நேரடியாகக் கேட்டு வாங்கினால் பதிலி தேவையே இல்லை, முகப்பு அப்படியே இருக்கும்.