காம்போடு வெட்டுங்கள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மொட்டை மாடியில் இருபது தொட்டி. ரோஜா, ஜினியா, செவ்வந்தி எல்லாம் பூத்துக் குலுங்குகின்றன. "தம்பி, மாடி நிறையப் பூ. ஆனால் கண்ணாடிக் குவளையில் வைத்தால் மறுநாளே தலை தொங்கிவிடுகிறது. மண்ணில் கோளாறா?" என்று கேட்டார். மேசையில் இருந்த குவளையைப் பார்த்தேன். ரோஜாக்கள் கழுத்துவரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. ஒன்றுக்கும் கட்டைவிரல் நீளத்துக்குக்கூடக் காம்பு இல்லை.

பெங்களூரில் வீட்டுத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. தமிழ் வீடுகளில் நான் அதிகம் பார்த்த காட்சி இதுதான். மண் நன்றாக இருக்கும், எருவும் குறைவில்லாமல் இருக்கும். கை மட்டும் தொடுப்பதற்குப் பழகிய கையாக இருக்கும். மல்லிகையையும் கனகாம்பரத்தையும் கழுத்தில் கிள்ளியே நாம் வளர்ந்தோம். நாரில் தொடுக்க அது போதும். குவளையில் நிற்க வேண்டிய பூவுக்கு அது போதாது. காம்பு வழியாகத்தான் அது தண்ணீர் குடிக்கிறது. பூங்கொத்துக்காகத் தோட்டம் போடுகிறவர் காம்பை வளர்க்கிறார் என்றே நான் சொல்வேன்.

அதை நாற்று வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும். நர்சரிகளில் தொட்டிக்கென்று விற்கும் குட்டை ரக ஜினியாவும் ஆஸ்டரும் ஓரடிக்கு மேல் வளராது. எவ்வளவு பாடுபட்டாலும் அவற்றில் நீளக் காம்பு கிடைக்காது. உயர ரகம் என்று கேட்டு வாங்குங்கள். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சஷாங்க் போன்ற சீன ஆஸ்டர் ரகங்கள் நம் ஊருக்கு நன்றாக ஒத்துவருகின்றன. அதே நிறுவனத்தின் பிரஜ்வல் சம்பங்கி ஒரு தொட்டியில் இருந்தால் மாலையில் வீடே மணக்கும். ஆறு மணி நேர வெயில் படும் இடம் வேண்டும். செடிகளைச் சற்று நெருக்கி நடுங்கள். வெளிச்சம் தேடி அவை மேலே போகும்போது காம்பு நீளும்.

பச்சைக்காக வெளியில் அலைய வேண்டியதில்லை. மரிக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சிலை மூன்றும் நம் கதம்பத்திலிருந்தே வந்தவை. கொத்தின் நடுவே நான்கைந்து கிளைகளைச் செருகினால் கடைப் பூங்கொத்துக்கு இல்லாத வாசனை வரும்.

"வெட்டினால் செடி சோர்ந்துவிடாதா?" என்று கேட்காத வீடே இல்லை. ஜினியா போன்ற ஓராண்டுச் செடியின் முழு முனைப்பும் விதையில்தான். பூவை முதிரவிட்டு விதை பிடித்துவிட்டால் புதிய மொட்டு விடுவது குறைந்துபோகும். வெட்டிக்கொண்டே இருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும். இன்னும் துணிச்சலான வேலை நுனி கிள்ளுவது. செடி முக்கால் அடி, ஓரடி உயரத்தில் இருக்கும்போது, கீழே மூன்று நான்கு இலை ஜோடிகளை விட்டுவிட்டு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நுனி மொட்டுதான் பக்கத் தளிர்களை அடக்கி வைத்திருக்கிறது. அது போனதும் கணுவுக்குக் கணு கிளை வெடிக்கும். அல்சூர் அம்மா பாதிச் செடிகளை மட்டும் கிள்ள ஒப்புக்கொண்டார். இரண்டு மாதத்தில் கிள்ளாத செடிகளைக் காட்டி என்னிடமே வருத்தப்பட்டார்.

ரோஜாவில் கவனம் வேண்டும். ஐந்து இலைக் கொத்து உள்ள கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கீழே அப்படி இரண்டு கணுக்களாவது மிஞ்சியிருக்க வேண்டும். முதல் ஆண்டுச் செடியிடம் நீளக் காம்பு கேட்காதீர்கள்.

எந்தப் பருவத்தில் வெட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு பருவங்களுக்கும் தனிச்சொல் வைத்தவர்கள் நாம். அந்த அளவுகோலை நான் தினமும் பயன்படுத்துகிறேன். ரோஜாவை முகையில் வெட்ட வேண்டும்: மொட்டை மூடியிருந்த பச்சைப் புல்லியிதழ்கள் கீழே மடிந்து, வெளிப் பூவிதழ் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும் நேரம். இறுகிய மொட்டாக வெட்டினால் விரியாமலே கழுத்து மடியும். சம்பங்கியும் கிளாடியோலஸும் அடியிலிருந்து மேலே மலர்பவை. அடிப்பூக்கள் இரண்டு திறந்தாலே சம்பங்கியை எடுக்கலாம். கிளாடியோலஸில் அடிமொட்டு நிறம் காட்டினாலே போதும். ஜினியா, செவ்வந்தி, டாலியா மூன்றையும் முழுதாக மலர்ந்த பிறகே வெட்ட வேண்டும், குவளைக்குப் போனபின் அவை பெரிதாக விரியாது. ஜினியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம். துவண்டால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். கையில் கவாத்துக் கத்தரியோடு ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். வெட்டியதும் காம்பு நீருக்குள் போக வேண்டும். குவளையில் நீர்மட்டத்துக்குக் கீழே இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இலை அழுகி, பாக்டீரியா பெருகி, காம்பின் குழாய்களை அடைத்துவிடும். தண்ணீரை தினமும் மாற்றி, இரண்டு நாளுக்கொரு முறை காம்பின் அடியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டாலே போதும். சர்க்கரை போடலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்கிறேன்; வெறும் சர்க்கரை பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. குவளையை வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவையும் முதிரச் செய்யும். பூஜை அலமாரியில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பானஸ்வாடியில் ஒரு வீட்டில் செவ்வந்தி தளதளவென்று வளர்ந்தும் டிசம்பர்வரை மொட்டே விடவில்லை. உரத்தை மாற்றினார்கள், தொட்டியை மாற்றினார்கள், மருந்தும் அடித்தார்கள். நான் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தெருவிளக்கு நேராகச் செடிமேல் விழுந்துகொண்டிருந்தது. செவ்வந்திக்கு மொட்டுவிட நீண்ட, குறுக்கீடு இல்லாத இருள் வேண்டும். பெங்களூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கணக்கு வைத்துப் பூக்கிற செடி விளக்கொளியைப் பகல் என்றே எடுத்துக்கொள்கிறது. தொட்டிகளைப் பின்கட்டுக்கு மாற்றினோம். சில வாரங்களில் மொட்டு வந்தது. மாடித் தோட்டக்காரர்கள் ஒருமுறையாவது இரவில் மாடி ஏறிப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்தக் கோடையில் அரிசி கழுவிய நீரிலேயே தாக்குப்பிடித்தவை வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். இரண்டும் குவளையில் வாரக்கணக்கில் நிற்கும். வாடாமல்லியைத் தலைகீழாகக் கட்டி உலர்த்தினால் மாதக்கணக்கில் நிற்கும். சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரைத் தொடர்ந்து தொட்டியில் ஊற்றாதீர்கள், உப்பு சேரும்.

தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் அழகு கருதி அரளியை வெட்டி வைக்காதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குவளைத் தண்ணீரிலும் நஞ்சு இறங்கும். செங்காந்தளும் அப்படியே, கிழங்கில் நஞ்சு மிக அதிகம். லில்லி பூனைக்கு எமன். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். இதை நர்சரியில் யாரும் சொல்லி விற்பதில்லை என்பதால் நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன்.

கடைசியாக, விதைப் பொட்டலத்தை ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். ஜினியா விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கும். எல்லாம் ஒன்றாகப் பூத்தால் ஒரு மாதம் கொண்டாட்டம், மறுமாதம் வெறும் தொட்டி. பதினைந்து நாளுக்கொரு முறை ஒரு தொட்டியில் மட்டும் விதையுங்கள். அல்சூர் அம்மா அமாவாசைக்கு ஒரு தொட்டி, பௌர்ணமிக்கு ஒரு தொட்டி என்று வைத்துக்கொண்டிருக்கிறார். போன பௌர்ணமிக்கு விதைத்தது இப்போது நான்கு இலை விட்டிருக்கிறது.